"வெள்ளைக்காரன் கட்டுனது": ஒரு வாக்கியத்தைப் பற்றி

கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாறு அணையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியம் வந்து விழும். "வெள்ளைக்காரன் கட்டுனதுப்பா, அதான் இன்னும் அசையாம நிக்குது." இதற்கு ஒரு பின்பாதி உண்டு. சிலர் வாய்விட்டுச் சொல்வார்கள், சிலர் ஒரு சிரிப்போடு விட்டுவிடுவார்கள். "நம்மாளுக கட்டிருந்தா பத்து வருசத்துல பல்ல இளிச்சிருக்கும்."

இந்தப் பின்பாதியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். இந்தியர்கள் மேல் இனவெறி என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் காந்தியை இறக்கிவிட்ட கதை. அது நடந்தது 1893. அப்போது இங்கே அணை வேலை நடந்துகொண்டிருந்தது. சமீபத்தியது என்றால், 2021 ஜனவரியில் சிட்னி மைதானத்தில் சிராஜை நோக்கிக் கூட்டத்திலிருந்து கத்தியது. இரண்டிலும் பேசியவன் வெள்ளைக்காரன், கேட்டவன் இந்தியன். இந்தியனைப் பற்றிய அதே மதிப்பீட்டை இந்தியனே, யாரும் கேட்காமல், டீக்கடையில் உட்கார்ந்து சொல்லும்போது அதற்கு என்ன பெயர் வைப்பது? அதற்கு நன்றியுணர்வு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

லோயர் கேம்ப் தெரியாதவர்களுக்கு: கூடலூரைத் தாண்டி, குமுளி மலைப்பாதை ஏறுவதற்கு முன்னால் வரும் ஊர். தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வரும் பெரியாற்றுத் தண்ணீர் இங்கே இறங்குகிறது. மின் நிலையமும் இங்கேதான். 2013 ஜனவரி 15ல் ஜான் பென்னிகுக் மணிமண்டபம் இங்கு திறக்கப்பட்டது. அந்தத் தேதி அவர் பிறந்த நாள், பொங்கலை ஒட்டி வருவதால் சில ஊர்களில் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்தவர்கள் இருக்கிறார்கள். தேனிப் புது பஸ் ஸ்டாண்டுக்கும் அவர் பெயர்தான். 2022ல் தமிழ்நாடு அரசு இங்கிலாந்தில் கேம்பர்லியில் சிலையே வைத்தது.

இந்த நன்றியை நான் கேலி செய்யவில்லை. 1876 முதல் 1878 வரை நடந்த பஞ்சத்தில் இந்த மாகாணம் எப்படிச் செத்தது என்று கொஞ்சம் படித்தவர்களுக்கு, மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பியது என்ன காரியம் என்று புரியும். பள்ளத்தாக்கில் இரண்டு போகம் விளைகிறதென்றால் அந்தத் தண்ணீரால்தான். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் அது போகிறது. கோதாவரிப் பக்கம் ஆர்தர் காட்டனை இப்படித்தான் கொண்டாடுகிறார்கள். தண்ணீர் தந்தவனைச் சாமியாக்குவது நம் ஊர்ப் பழக்கம், அதில் தோல் நிறம் பார்ப்பதில்லை என்று ஒரு நண்பர் வாதிட்டார். பொங்கல் வைக்கிற பெண்களைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். நான் சந்தேகப்படுவது அந்தப் பொங்கலைச் சுற்றி நாம் எழுப்பியிருக்கிற கதையை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாதி கட்டிய அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அரசாங்கம் இனிமேல் காசு இல்லை என்று கைவிரித்தது. பென்னிகுக் இங்கிலாந்துக்குப் போய்த் தன் சொத்தை விற்று, மனைவி நகையை விற்று, அந்தப் பணத்தில் வந்து அணையை முடித்தார். மேடைகளில், பாடல்களில், வாட்ஸ்அப்பில், அரசியல் கட்சிகளின் போஸ்டர்களில் எல்லாம் இதே கதை.

வெள்ளம் அடித்தது உண்மை, காய்ச்சல் வாட்டியது உண்மை. சொத்து விற்றதற்கு மட்டும் இதுவரை யாரும் ஓர் ஆவணம் காட்டவில்லை. நமக்குத் தெரிந்த ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. 1882ல் பென்னிகுக்கிடம் திட்டம் தயாரிக்கச் சொன்னது மதராஸ் அரசு. 1886 அக்டோபர் 29ல் திருவிதாங்கூருடன் குத்தகை எழுதியது பிரிட்டிஷ் அரசு: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், வருடத்துக்கு 40,000 ரூபாய், 999 வருடம். 1887ல் வேலை தொடங்கியது, 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். தொடக்கம் முதல் கடைசி வரை இது பொதுப்பணித் துறை வேலை. பென்னிகுக் அதன் அதிகாரி, சம்பளம் வாங்கியவர். மிகத் திறமையான, பிடிவாதமான அதிகாரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அணை வேலையில் இருந்த இன்னொரு பொறியாளர் ஏ. டி. மெக்கன்ஸி 1899லேயே இத்திட்டத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதி அரசு அச்சகத்தில் வெளியிட்டார். அவ்வளவு கணக்கு வழக்கோடு நடந்த வேலை இது.

(கதை எவ்வளவு வேகமாக வளரும் என்பதற்கு ஓர் உதாரணம். 2021ல் மதுரையில் கலைஞர் நூலகத்துக்கு இடம் பார்த்தபோது, அங்கிருந்த பொதுப்பணித் துறைக் கட்டடம் பென்னிகுக் வாழ்ந்த வீடு, அதை இடிக்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. அரசுத் தரப்பு பதில்: அவர் 1911ல் இறந்துவிட்டார், கட்டடம் அதற்குப் பிறகு கட்டப்பட்டது.)

ஒரு நல்ல மனிதரைக் கொஞ்சம் கூடுதலாகப் புகழ்ந்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். புகழ்ச்சிக்கு ஒரு விலை இருக்கிறது. அரசு செலவு செய்தது என்றால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? இந்த மண்ணின் தீர்வையிலிருந்து, பஞ்சத்திலும் வசூலித்த அதே தீர்வையிலிருந்து. அணை வந்த பிறகு பாசனத்துக்கும் வரி கட்டியவர்கள் நம் விவசாயிகள்தான். சொத்து விற்ற கதை இந்த வரி கட்டியவனை மொத்தமாக அழித்துவிடுகிறது. அவன் காசில் கட்டிய அணை அவனுக்குப் போட்ட பிச்சையாக மாறிவிடுகிறது. கதையில் வெள்ளைக்காரர் கொடுப்பவர், நம் ஆட்கள் வாங்குபவர்கள். பேரரசு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையும் அச்சு அசலாக இதேதான். அதை நாம் அவர்களைவிட நன்றாகச் சொல்கிறோம்.

யோசனையாவது அவர்களுடையதா? அதுவும் இல்லை. ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789 வாக்கிலேயே பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவர மலைக்கு ஆள் அனுப்பினார். முடியும், ஆனால் செலவு தாங்காது என்று விட்டுவிட்டார்கள். 1808ல் வந்து பார்த்த கேப்டன் கால்டுவெல் இது வீண் வேலை என்று எழுதினார். ராமநாதபுரத்துக்காரர் முடியும் என்ற இடத்தில் கும்பினிக்காரர் முடியாது என்றார்! இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். முடியும் என்றவர் வெள்ளைக்காரராகவும் வீண் என்றவர் நம்மாளாகவும் இருந்திருந்தால், ஒவ்வொரு பொங்கலுக்கும் அதைச் சொல்லிக் காட்டியிருப்போம். இப்போது முத்திருளப்ப பிள்ளை கட்டுரைகளின் முதல் பத்தியில் ஒரு வரியாக வந்து போகிறார்.

"நம்மாளுக கட்டிருந்தா" என்ற நக்கலில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. நம்மாளு அந்த நாற்காலியில் உட்கார முடியுமா அப்போது? பென்னிகுக் திட்டம் போட்டுக்கொண்டிருந்த 1883ல்தான் இல்பர்ட் மசோதா கலவரம். இந்திய நீதிபதி வெள்ளைக்காரனை விசாரிக்கலாம் என்று ஒரு மசோதா கொண்டுவந்ததற்கு இந்தியா முழுக்க ஐரோப்பியர்கள் கொதித்தார்கள், கடைசியில் மசோதாவின் பல்லைப் பிடுங்கித்தான் 1884ல் நிறைவேற்றினார்கள். குத்தகை எழுதிய 1886லேயே இந்தியர்களை எந்த அளவுக்கு உத்தியோகத்தில் சேர்க்கலாம் என்று விசாரிக்க ஐட்சிசன் ஆணையம் அமைத்தார்கள். விளைவு, இங்கிலாந்தில் தேர்வானவர்களுக்கு ஒரு தட்டு, இங்கே எடுக்கப்பட்டவர்களுக்கு அதற்குக் கீழே ஒரு தட்டு. இந்தியப் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளர்களைத் தயாரிக்க இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்று ஒரு கல்லூரியே 1871ல் தொடங்கினார்கள். அணையை முடித்துவிட்டுப் போன பென்னிகுக் அந்தக் கல்லூரிக்குத்தான் தலைவரானார். இங்கே படித்துவிட்டு வந்த நம் பையன் ஓவர்சியராகி, துரைக்குக் கீழே நின்று அளவெடுத்தான். ஒருத்தனை வாசலிலேயே நிறுத்திவிட்டு, பிறகு "நீ உள்ளே வந்திருந்தா கெடுத்திருப்ப" என்று சொல்வதற்கு என்ன பெயர்?

உண்மையில் கட்டியவர்கள் யார் என்று கேட்டால் பதில் இன்னும் சங்கடம். இந்த அணையில் சிமெண்ட் கிடையாது. சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது சுட்ட செங்கல் தூளும், கல்லும்தான். இந்தக் கலவை சீமையிலிருந்து வந்த வித்தை அல்ல, நம் கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட சரக்கு. சுண்ணாம்பு சுட்டவர்கள், அரைத்தவர்கள், கல் உடைத்தவர்கள், மலைமேல் சுமந்தவர்கள் எல்லாரும் சமவெளியிலிருந்து போன கூலிகள். நோயில் இறந்தவர்கள் 483 பேர் என்று ஓர் எண் அடிக்கடி எழுதப்படுகிறது, அணைக்கு அருகிலேயே புதைத்திருக்கிறார்கள். பென்னிகுக் எங்கே பிறந்தார், எந்தச் சர்ச்சில் அடக்கமானார் என்பதெல்லாம் நம் பிள்ளைகள் வினாடி வினாவில் சொல்வார்கள். இவர்கள் ஓர் எண், அவ்வளவுதான்.

இந்தப் பகுதிக்கு மட்டுமே உரிய ஒரு முரண் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. அணையைக் கொடுத்த அதே அரசு, அணை திறந்து 20, 25 வருடத்துக்குள் அந்தத் தண்ணீர் பாய்ந்த ஊர்களின் பிரமலைக் கள்ளர்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதி வைத்தது. 1911ன் குற்றப் பழங்குடிகள் சட்டம்: கைரேகை பதிய வேண்டும், ஊரைவிட்டுப் போனால் சீட்டு வாங்க வேண்டும், ராத்திரி போலீஸ் கண் முன்னால் படுக்க வேண்டும். திருடினானா என்ற கேள்வியே கிடையாது, எந்த வயிற்றில் பிறந்தான் என்பதுதான் கேள்வி. 1920 ஏப்ரல் 3ல் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்களைச் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் என்று பெரும்பாலும் சொல்லப்படுகிறது. மதராஸ் மாகாணத்தில் இந்தச் சட்டம் ஒழிய 1947 ஆனது. கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன், இந்த மக்களைக் 'குற்றவாளி'யிலிருந்து 'நல்ல சம்சாரி'யாக மாற்ற அரசு எடுத்த முயற்சிகளைப் பற்றி 2009ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். போலீஸ், பள்ளிக்கூடம், ஏர், வாய்க்கால் எல்லாமே அந்த முயற்சியில் கருவிகள்.

நம்மாளு என்றால் திருடுவான், மணலில் சிமெண்டைக் குறைப்பான், கமிஷன் அடிப்பான் என்று இன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். ஊழல் இல்லையா என்றால் இருக்கிறது, அதை ஆளைப் பிடித்து, கணக்கைக் காட்டிக் கேட்க வேண்டும். ரத்தத்திலேயே ஊறியது என்று சொல்வது வேறு வகைப் பேச்சு, அது 1911ல் சட்டமாக இருந்தது. பெருங்காமநல்லூரில் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிற அரசியல்வாதிகளே ஜனவரியில் மணிமண்டபத்துக்கும் மாலையோடு வருகிறார்கள். இரண்டு மாலைக்கும் நடுவே ஒரு கேள்விகூட எழுவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மலைக்கு அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும். 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை முற்றியபோது இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் கூலிகள் அடிக்குப் பயந்து மலையிறங்கி ஓடிவந்தார்கள். 'பாண்டி' என்ற சொல் அங்கே எப்படி உச்சரிக்கப்படும் என்று தோட்டத்துக்குப் போய் வருகிற பெண்களைக் கேட்டால் தெரியும். இங்கே மலையாளிகளின் கடைகளை உடைத்தார்கள், பல தலைமுறையாக நம்மோடு இருந்தவர்களின் கடைகள் அவை. ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கிக் கிளம்பிய கூட்டத்தை லோயர் கேம்பில்தான் போலீஸ் தடுத்தது. இரண்டு பக்கமும் பக்கத்து ஊர்க்காரனைத் திட்டியது. 999 வருடம் என்று ஒரு சமஸ்தானத்திடம் எழுதி வாங்கி இந்தச் சிக்கலை விட்டுப் போன அரசின் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. அது மட்டும் சண்டைக்கு வெளியே, சாமி மாதிரி நின்றது.

கடைசியாக, "அசையாம நிக்குது" என்பதைப் பற்றி. 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மோர்வி அணை உடைந்த பிறகு பெரியாறு அணையைப் பற்றியும் பயம் கிளம்பியது. மத்திய நீர்வள ஆணையம் வந்து பார்த்து, நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்து, பலப்படுத்தும் வேலைகளைச் சொன்னது. அணையின் தலையில் கான்கிரீட் போட்டு எடையேற்றினார்கள். மேலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு, இரும்புக் கம்பி வடங்களை இறக்கி இறுக்கினார்கள். பின்புறம் முழுக்கக் கான்கிரீட்டால் ஒரு முட்டு கொடுத்தார்கள், அதற்குள் கசிவுநீர் வடிய ஒரு சுரங்க நடைபாதை. 142 அடி தேக்கலாம் என்று 2006லும் 2014லும் உச்ச நீதிமன்றம் சொன்னபோது இந்த வேலைகளும்தான் கணக்கில் வந்தன. செய்தது தமிழ்நாடு பொதுப்பணித் துறை. தமிழ்நாடு அரசின் ஆட்கள் இன்றைக்கும் தேக்கடியில் படகேறிப் போய், நடைபாதைக்குள் இறங்கி, கசிவை அளந்து நோட்டில் எழுதிவிட்டு வருகிறார்கள்.