இலக்கிய இதழியலின் பேறும் இடரும்

இலக்கிய இதழியலின் பேறும் இடரும் ஒரே ஊற்றினின்று தோன்றுவன. நூலைத் தேடிச் செல்லாத வாசகரிடமும் இதழ் சென்று சேர்கிறது. ஆதலால் எதனை அச்சேற்றுவது எனத் தீர்மானிப்பவர் வாசகரின் சுவையையும் தீர்மானிக்கிறார்.

ஈழத்தில் இதற்குத் தக்க சான்று, 1950களின் இறுதியில் க. கைலாசபதி ஆசிரியப் பொறுப்பேற்ற 'தினகரன்' நாளேடு. தமிழக வார இதழ்கள் ஈழத்து வாசகரிடையே பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தில், ஈழத்து மண்ணையும் பேச்சையும் எழுதியோருக்கு அது களம் அமைத்தது. சிற்றிதழ் எதற்கும் அத்தகைய வாசகப் பரப்பு வாய்த்திருக்கவில்லை.

ஆயின் கைலாசபதி முற்போக்கு அணியின் முதன்மைத் திறனாய்வாளருமாவார். தேர்ந்தெடுத்த கையே தீர்ப்பும் எழுதியது. அத்தீர்ப்புகளை மறுத்து மு. தளையசிங்கம் 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யை எழுதினார், எஸ். பொன்னுத்துரை 'நற்போக்கு' எனும் மாற்றுக் குரலை எழுப்பினார்.

1980களுக்குப் பின் டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் போன்ற சிறு நகரங்களில் குடியேறிய தமிழரிடையே இவ்விடர் வேறுருக் கொள்கிறது. எழுதுபவரும் மதிப்பிடுபவரும் ஒரே திருமண மண்டபத்தில் சந்திக்கும் சமூகம் அது. ஆங்கு விமர்சனத்தை அடக்குவது ஆசிரியரின் அதிகாரமன்று. அயலவரின் மனத்தாங்கல் குறித்த அச்சமே. அதனால் மதிப்புரை வாழ்த்துரையாகிவிடுகிறது.

கைலாசபதியின் தீர்ப்புகள் காரணங்களோடு எழுதப்பட்டமையால், அவற்றைக் காரணங்களோடு மறுக்கவும் இயன்றது. வாழ்த்துரையை மறுப்பதற்கு அவ்வாறான பிடி எதுவுமில்லை. நாளைய ஆய்வாளருக்கு எஞ்சும் சான்று அது ஒன்றே எனின், புலம்பெயர் இலக்கியத்திற்குப் புகழ் மிஞ்சும், வரலாறு மிஞ்சாது.