பாடபேதமும் பாடல்பேதமும்: அறுபதுகளின் ஆங்கிலப் பாப் இசைப்பதிவுகளைக் கேட்கும் முறை குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒரே நூல் பல சுவடிகளில் பலவாறு காணப்படும்போது அவற்றை ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறித்து, மூலத்தை நெருங்க முயல்வது மூலபாடத் திறனாய்வின் பணியாகும். சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரத்தை 1892ஆம் ஆண்டிலும், புறநானூற்றை 1894ஆம் ஆண்டிலும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் உழைப்பைத் தமிழ் பயில்வோர் அனைவரும் அறிவர். அதனை ஒத்த ஓர் உழைப்பை, பல்கலைக்கழகப் பயிற்சி ஏதுமின்றி, மேலைநாட்டு இசைத்தட்டு இரசிகர்கள் பல்லாண்டுகளாக மேற்கொண்டு வருகின்றனர். 1960களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளிவந்த பாப் பாடல்களின் மாற்று ஒலிக்கலவைகள், வெளியிடப்படாத பதிவுகள், கவர் எனப்படும் மறுபாடல்கள் ஆகியவை குறித்து அவர்கள் நடத்தும் விவாதங்களைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிட இயலாது. அவற்றை ஒரு திறனாய்வு முறையாகக் கொண்டு, அம்முறையின் வலிமையையும் குறைபாட்டையும் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. பீட்டில்ஸ் குழுவின் பதிவுகள் முதன்மைச் சான்றாகவும், பிற கலைஞர்களின் பதிவுகள் துணைச் சான்றாகவும் கொள்ளப்படுகின்றன.

ஒரு பாடல், இரு வடிவங்கள்

அறுபதுகளில் ஓர் இசைத்தொகுப்பு மோனோ, ஸ்டீரியோ என இரு வடிவங்களில் வெளியாயிற்று. அன்றைய இங்கிலாந்து இல்லங்களில் பெரும்பாலும் மோனோ இசைக்கருவிகளே இருந்தமையின், கலைஞர்களின் கவனம் மோனோக் கலவையிலேயே குவிந்தது. 1967இல் வெளிவந்த 'சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' தொகுப்பின் மோனோக் கலவை பீட்டில்ஸ் குழுவினர் உடனிருக்க உருவானது. ஸ்டீரியோக் கலவையோ பின்னர், குழுவினர் இல்லாதபோது, விரைவாகச் செய்து முடிக்கப்பட்டது.

இதன் விளைவு சிறிதன்று. 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' என்னும் பாடல் மோனோவில் விரைவாகவும் சற்று உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கிறது; ஸ்டீரியோவில் தாழ்ந்து, தயங்கிச் செல்கிறது. வீட்டைவிட்டுச் செல்லும் ஒரு பெண்ணையும் அவளுடைய பெற்றோரையும் பற்றிய பாடல் அது. முதல் வடிவம் வெளியேறும் மகளின் அவசரத்தையும், இரண்டாம் வடிவம் பின்தங்கிய பெற்றோரின் துயரத்தையும் முன்னிறுத்துவதாகக் கேட்போர் உணர்கின்றனர். சொற்கள் ஒன்றே, பொருள் ஒன்றன்று. 1968ஆம் ஆண்டின் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' ஸ்டீரியோவில் ஏறத்தாழ நான்கரை நிமிடம் நீண்டு, விரல்களில் கொப்புளம் கண்ட ரிங்கோ ஸ்டாரின் கூவலுடன் முடிகிறது. மோனோவில் அக்கூவல் இல்லை. பாடலும் ஏறத்தாழ ஒரு நிமிடம் குறைவு. ஒரு செய்யுளின் ஈற்றடி ஒரு சுவடியில் இருந்து மற்றொன்றில் இல்லாமற்போவதற்கு இஃது ஒப்பாகும்.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. ஏட்டுச் சுவடிகளில் வேறுபாடு பெரும்பாலும் படியெடுப்போரின் பிழையாலோ ஏட்டின் சிதைவாலோ நேர்கிறது. இசைத்தட்டிலோ இரு வடிவங்களும் ஒரே நிறுவனத்தால், ஒரே காலத்தில், முறையாக வெளியிடப்பட்டவை. எனவே எது பிழை, எது திருத்தம் என்ற வினா இங்கு எளிதில் பொருந்துவதில்லை.

அடையாளம் காணும் முறை

இரசிகர்களின் ஒப்பீட்டு முறை வியக்கத்தக்க நுட்பமுடையது. பீட்டில்ஸ் குழுவின் முதல் தட்டான 'லவ் மீ டூ' 1962ஆம் ஆண்டு ஜூன், செப்டம்பர் மாதங்களில் மூன்று வேறு முரசிசைக் கலைஞர்களுடன் பதிவாயிற்று. ஜூன் 6ஆம் நாள் பீட் பெஸ்ட், செப்டம்பர் 4ஆம் நாள் ரிங்கோ ஸ்டார், செப்டம்பர் 11ஆம் நாள் ஆண்டி ஒயிட் ஆகியோர் வாசித்தனர். மூன்றாம் பதிவில் ரிங்கோ கஞ்சிரையை ஒத்த டாம்பரின் மட்டுமே இசைத்தார். ஆகவே டாம்பரின் ஒலி கேட்குமாயின் அது ஆண்டி ஒயிட் வாசித்த பதிவு, கேளாதாயின் முந்தையது. 1962 அக்டோபரில் வெளிவந்த முதல் தட்டில் ரிங்கோவின் பதிவும், 1963ஆம் ஆண்டின் தொகுப்பில் ஆண்டி ஒயிட்டின் பதிவும் இடம்பெற்றன. ரிங்கோ பதிவின் மூல ஒலிநாடா அழிந்துபோனமையால், பிற்காலப் பதிப்புகளுக்குப் பழைய தட்டொன்றிலிருந்தே ஒலியைப் படியெடுக்க நேர்ந்தது. மூலம் அழிந்து படி எஞ்சும் நிலை சுவடிப் பதிப்பாசிரியர்க்குப் புதிதன்று.

1966ஆம் ஆண்டின் 'ரிவால்வர்' தொகுப்பும் தக்க சான்றாகும். அதன் இறுதிப் பாடலான 'டுமாரோ நெவர் நோஸ்' தொடக்கத்தில் அச்சான சில மோனோத் தட்டுகளில் வேறொரு கலவையாக அமைந்துவிட, விரைவில் அது மாற்றப்பட்டது. தட்டின் நடுவே, ஒலிக்கோடு முடியும் இடத்தில் பொறிக்கப்பட்டுள்ள எண்ணைக் கொண்டு இத்தட்டுகளை இரசிகர்கள் இனங்காண்கின்றனர். சுவடியின் இறுதியில் எழுதியவர் பெயரும் காலமும் உள்ளனவா எனத் தேடும் ஆய்வாளரின் பார்வைக்கும் இப்பார்வைக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை.

ஆசிரியர் கருத்து என்னும் அளவுகோல்

வேறுபாடுகளைக் குறிப்பதில் இத்துணைத் தெளிவுடைய இரசிகர்கள், அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யும்போது தடுமாறுகின்றனர். 'கலைஞர் கருதியது எதுவோ அதுவே மெய்யான வடிவம்' என்பது அவர்தம் பொது அளவுகோல். இவ்வளவுகோல் எந்த அளவிற்கு நிலைபெறும் என்பது ஆராயத்தக்கது.

1970ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 'லெட் இட் பி' தொகுப்பில், 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு' பாடலுக்குத் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் வயலின் குழுவையும் பெண் குரல்களையும் சேர்த்தார். பாடலை இயற்றிய பால் மெக்கார்ட்னி இதனை எதிர்த்தார். 2003இல் வெளிவந்த 'லெட் இட் பி... நேக்கட்' தொகுப்பு இச்சேர்க்கைகளை நீக்கியது. இதனை மூலத்தின் மீட்சி எனப் பலர் வரவேற்றனர். ஆயின் அத்தொகுப்பில் உள்ளது, சேர்க்கை நீக்கப்பட்ட பழைய பதிவன்று. 1970ஆம் ஆண்டின் தொகுப்பில் 1969 ஜனவரி 26ஆம் நாள் பதிவும், 2003ஆம் ஆண்டின் தொகுப்பில் ஜனவரி 31ஆம் நாள் பதிவும் இடம்பெற்றுள்ளன. இடைச்செருகலை நீக்குவதாகக் கூறி வேறொரு சுவடியையே பதிப்பித்ததை ஒக்கும் இச்செயலை 'மீட்சி' என அழைப்பது பொருந்தாது. மேலும், ஒரு குழு நால்வராலானது. அவர்களுள் ஒருவர் கருத்தை அனைவரின் கருத்தாகக் கொள்வது எங்ஙனம்?

பீச் பாய்ஸ் குழுவின் 'ஸ்மைல்' இவ்வினாவை இன்னும் கூர்மையாக எழுப்புகிறது. பிரையன் வில்சன் 1967இல் கைவிட்ட இத்தொகுப்பின் துண்டுகள், இரசிகர்களிடையே கள்ளப்பதிவுகளாக உலவின. அவற்றை அவரவர் தம் கருத்திற்கேற்ப வரிசைப்படுத்தித் தத்தம் 'ஸ்மைல்' வடிவங்களை உருவாக்கிக்கொண்டனர். 2004ஆம் ஆண்டில் பிரையன் வில்சன் அதனைப் புதிதாகப் பாடி நிறைவு செய்தார். 2011இல் பழைய பதிவுகள் வெளியானபோது 2004ஆம் ஆண்டின் வரிசையே வழிகாட்டியாகக் கொள்ளப்பட்டது. இருபத்து நான்கு வயது இளைஞர் முடிக்காமல் விட்டதை அறுபதைக் கடந்த அதே மனிதர் முடித்துவைத்தார். பிந்திய கருத்து முந்தியதற்குச் சான்றாகுமா? பிரையன் வில்சன் 2025 ஜூன் மாதம் மறைந்தபின் இவ்வினாவிற்கு இனி விடை கூறுவோர் இலர். ஆகவே ஆசிரியர் கருத்து என்பது ஒரு சான்று மட்டுமே. தீர்ப்பு ஆகாது எனலாம்.

முதல்நூலும் வழிநூலும்

ஒலிக்கலவைகளைக் குறித்த விவாதத்தைக் காட்டிலும் மறுபாடல்களைக் குறித்த விவாதமே முதன்மை வாய்ந்தது. அங்குதான் இரசிகர்களின் முறை பெரிதும் பிழைபடுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுக்கும் மரபு தொல்காப்பிய மரபியலில் உண்டு. வழிநூல் முதல்நூலோடு ஒத்துச் சென்று, வேண்டும் வேறுபாட்டையும் கொள்ளலாம் என்பது நன்னூலார் கருத்து. நூலுக்குரிய இவ்விலக்கணத்தை இசைக்கு அப்படியே பொருத்த இயலாதெனினும், ஒன்று தெளிவு. வழிநூலின் சிறப்பை அறிய முதல்நூலை அறிதல் வேண்டும்.

ஓட்டிஸ் ரெடிங் 1965இல் இயற்றிப் பாடிய 'ரெஸ்பெக்ட்', பொருளீட்டி வீடு திரும்பும் ஆணின் கோரிக்கை. அரீதா ஃபிராங்க்ளின் 1967இல் அதனைப் பாடியபோது, மதிப்பைக் கேட்பவர் பெண்ணாயினார். தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் பகுதி அவர் பதிவில் புதிதாகச் சேர்ந்தது. அவர்தம் சகோதரியர் எர்மா, கேரலின் ஆகியோரின் குரல்கள் பின்னணியில் ஒலித்தன. பாடலின் பொருளே மாறிற்று. எனினும் அமெரிக்க வானொலி நிலையங்களில் அவர் குரல் ஒலிக்குந்தோறும் உரிமத்தொகை இயற்றியவர்க்கும் வெளியீட்டாளர்க்குமே உரியதாயிற்று. பாடியவர்க்கு அச்சட்டம் எதனையும் அளிக்கவில்லை. பாப் டிலன் 1967இல் பாடிய 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' பாடலை 1968இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பதிவு செய்தார். அதன்பின் டிலன் தாமே ஹெண்ட்ரிக்ஸின் போக்கைத் தழுவி மேடைகளில் பாடலானார். வழிநூல் முதல்நூலைத் திருத்திய அரிய நிகழ்வு இது. இவ்விரண்டு பாடல்களிலும் முன்னோரை இரசிகர்கள் மறவாமல் குறிப்பிடுகின்றனர்.

பீட்டில்ஸ் குழுவின் முதல் தொகுப்பான 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'க்கு வரும்போது நிலைமை வேறாகிறது. 1963 மார்ச்சில் வெளிவந்த இத்தொகுப்பின் 14 பாடல்களுள் ஆறு மறுபாடல்கள். அவற்றுள் 'அன்னா' ஆர்தர் அலெக்சாண்டருடையது. 'செயின்ஸ்' குக்கீஸ் குழுவினர் பாடியது. 'பாய்ஸ்', 'பேபி இட்ஸ் யூ' ஆகியன ஷிரெல்ஸ் குழுவினர் பாடியவை. 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' ஐஸ்லி சகோதரர்களின் 1962ஆம் ஆண்டுப் பதிவை ஒட்டியது. இவர்கள் அனைவரும் கறுப்பின அமெரிக்கக் கலைஞர்கள். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' 1963 பிப்ரவரி 11ஆம் நாள் இறுதியாகப் பதிவாயிற்று என்பதும், ஜான் லெனனின் தொண்டை அன்று புண்ணாகியிருந்தது என்பதும் இரசிகர் அனைவரும் அறிந்த செய்திகள். ஆயின் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச்சென்று வெடிக்கும் அப்புகழ்பெற்ற பகுதி ஐஸ்லி சகோதரர்களின் பதிவிலேயே அமைந்துவிட்டது என்பதை எடுத்துக் கூறுவோர் மிகச் சிலரே.

'அன்னா' இன்னும் நுட்பமான சான்று. மூலப் பதிவில் பியானோவில் ஒலிக்கும் சிறு சுரத்தொடரை ஜார்ஜ் ஹாரிசன் கிதாரில் வாசிக்கிறார். ஆர்தர் அலெக்சாண்டர், தம்மைவிட்டுப் பிரிய விரும்பும் பெண்ணை அடங்கிய குரலில் விடுவிக்கிறார். லெனன் அவ்வடக்கத்தைத் தாங்க இயலாதவராய்க் குரலுயர்த்துகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போதுதான் லெனனின் பங்களிப்பு யாது, அலெக்சாண்டரின் பங்களிப்பு யாது என்பது புலனாகும். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், பாப் டிலன் ஆகிய மூவரும் பதிவு செய்த பாடல்களின் ஆசிரியரான அலெக்சாண்டர், இசையுலகைவிட்டு விலகிக் கிளீவ்லாந்து நகரில் பேருந்து ஓட்டி வாழ்ந்தார், 1993இல் மறைந்தார். 'அன்னா'வின் மோனோவிற்கும் ஸ்டீரியோவிற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த ஒருவர், அதன் மூலப் பதிவை ஒருமுறையேனும் கேளாதிருப்பின், அவர் அறிந்தது பாடபேதத்தை மட்டுமே, பாடலை அன்று.

முடிவுரை

2008ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் ஹாலிவுட்டின் யுனிவர்சல் வளாகத்தில் நேர்ந்த தீயில் மூல ஒலிநாடாக்கள் பல அழிந்தன. 2019இல் இச்செய்தி நியூயார்க் டைம்ஸ் இதழ் வழியாக விரிவாக வெளிவந்தபோது, இழப்பின் அளவை நிறுவனம் மறுத்தது. மற்றொருபுறம், ஒன்றாய்க் கலந்த ஒலிகளைக் கணினி கொண்டு பிரித்தெடுக்கும் முறை 2022ஆம் ஆண்டின் 'ரிவால்வர்' மறுகலவைக்கும், 2023இல் வெளிவந்த 'நவ் அண்ட் தென்' பாடலுக்கும் பயன்பட்டது. மூலங்கள் குறைய, வடிவங்கள் பெருகும் காலம் இது. இத்தகைய காலத்தில் எந்த வடிவம் யாரால், எந்த மூலத்திலிருந்து, எத்தகைய மாற்றங்களுடன் உருவாக்கப்பட்டது என்பதைப் பதிப்பாளர் வெளிப்படையாக அறிவித்தல் இன்றியமையாதது. அறிவிக்காதபோது அதனைக் கண்டுபிடித்துக் கூறும் இரசிகர்களின் பணி மதிக்கத்தக்கது.

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, இரசிகர்களின் ஒப்பீடு மூலபாடத் திறனாய்வோடு ஒத்த நெறிமுறை உடையது. பாடபேதம் பயிலும் மாணவர்க்குச் செவிவழிப் பயிற்சியாக இதனைப் பயன்படுத்தலாம். இரண்டு, ஆசிரியர் கருத்தை இறுதி அளவுகோலாகக் கொள்வது பிழை. மக்கள் எந்த வடிவத்தைக் கேட்டு வாழ்ந்தனரோ அவ்வடிவத்திற்கும் உரிய இடம் உண்டு. மூன்று, ஒரு பதிவின் நுண்வேறுபாடுகளில் ஆழ்ந்து அதற்கு முன் பாடியவரை மறப்பது திறனாய்வின் கடமையினின்று வழுவுவதாகும். பதிப்பாசிரியர் தமக்குச் சுவடி அளித்தவர் பெயரை முகவுரையில் நன்றியுடன் குறிப்பது மரபு. 'அன்னா'வைப் பற்றிய எந்தக் குறிப்பும் ஆர்தர் அலெக்சாண்டரின் பெயரிலிருந்து தொடங்குவதே அம்மரபிற்கு ஒத்ததாகும்.