போப்போயா: யாருடைய கணக்கு?

‘போப்போயா’ (1999) பார்த்து முடித்தேன். ஹொக்கைடோ பனியில், மூடப்போகும் கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷனில் மாஸ்டராக கென் தகாகுரா. பெற்ற குழந்தை ரயிலில் பிணமாகத் திரும்பும்போதும் கொடி பிடித்து நிற்கிற மனுஷன். நடிப்பு அபாரம், கண் கலங்கிடுச்சு.

ஆனால் ஒண்ணு உறுத்துது. பாதையை மூடும் முடிவு எங்கோ மேலே எடுக்கப்படுகிறது. அந்தக் கணக்கைப் படம் திறந்தே பார்க்கவில்லை. மூடுவதும் பனி மாதிரி தானா வந்து விழுது.

படம்பிடித்த இகுதோரா ஸ்டேஷனையே எடுத்துக்குங்க. 2016 ஆகஸ்ட் புயலில் பாதை சேதமானது. சரிசெய்யவே இல்லை, பஸ் விட்டார்கள். அதே நவம்பரில், தன் பாதைகளில் சுமார் பாதியைத் தனியாக நடத்த முடியாது என்றது ஜேஆர் ஹொக்கைடோ. ரிப்பேர் செலவு யார் தலையில் என்பதுதான் அங்கே சண்டை. 2024 ஏப்ரல் 1-ல் ஃபுரானோ–ஷின்தோகு பகுதியே போச்சு. படத்துக்காக வேஷம் மாற்றிய டீசல் பெட்டியின் முன்பாதி மட்டும் ஸ்டேஷன் வாசலில் காட்சிக்கு வைக்கப்பட்டது.