நாலு அங்குலம், ஏழு அங்குலம்

ஹிரோஹாட்டா மெர்க்குரி பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு வாய்ப்பாட்டைச் சொல்லிவிடுகிறார்கள். கூரையை முன்னால் 4 அங்குலம், பின்னால் 7 அங்குலம் வெட்டினார்கள், அவ்வளவுதான். ரசத்துக்குப் புளி அளவு சொல்கிற மாதிரி. இந்த அளவை நம்பி வெட்டப்பட்ட மெர்க்குரிகளின் படங்களைக் கொஞ்ச நாளாகச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பலவற்றில் கூரை, யாரோ மேலே உட்கார்ந்து நசுக்கிய தகர டப்பா மாதிரி இருக்கிறது. அதே அளவுதான், ஆனால் கார் வேற. ஏன்னு கேட்டால் அந்த வாய்ப்பாட்டில் பதில் இல்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1951 மாடல் மெர்க்குரி, இரண்டு கதவு. பாப் ஹிரோஹாட்டா என்ற இளைஞர் 1952-ல் அதைக் கலிஃபோர்னியாவில் பேரிஸ் சகோதரர்களின் பட்டறைக்குக் கொண்டுபோனார். அண்ணன் சாம், தம்பி ஜார்ஜ். அங்கிருந்து வெளியே வந்தது வேறொரு கார். இன்றைக்கும் ‘கஸ்டம் கார்’ என்றால் அமெரிக்கர்கள் முதலில் காட்டுவது இதைத்தான். 2022 ஏலத்தில் சுமார் 20 லட்சம் டாலருக்குப் போனது.

முதலில் மூலக் காரைப் பார்ப்போம். 1949-லிருந்து 51 வரை வந்த மெர்க்குரியின் உடம்பு நல்ல உடம்பு. மட்கார்டு தனியாகத் துருத்தாமல் பக்கவாட்டோடு கரைந்து ஓடும், சோப்புக்கட்டி மாதிரி. குறை தலையில்தான். தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்கிற ஆளுக்காக உயர்த்திய கூரை அது. கீழே இருக்கிற திரட்சிக்கும் மேலே இருக்கிற குண்டாவுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

அப்போ கூரையை இறக்கினால் போதுமே? போதாது. கண்ணாடியைத் தாங்கும் முன் தூண் நேராக நிற்பதில்லை, பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த தூணின் நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு மேல்பாதியை நேரே கீழே இறக்கினால், அது அடிப்பாதியின் மேல் வந்து உட்காராது, சற்றுப் பின்னால் தொங்கும். ஆக, தூணை இன்னும் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் கூரைத் தகட்டையே நீட்ட வேண்டும். பின்னால் இதைவிட மோசம். கூரை முதுகு மெதுவாக இறங்காமல் கடைசியில்தான் சட்டென்று விழுகிறது. நாலு மூலையிலும் ஒரே அளவு வெட்டினால் அந்தக் கூன் அப்படியே நிற்கும், டிக்கியின் மேல் கவிழ்த்த சட்டியாக. பின்னால் கூடுதலாக வெட்டுவது இதற்காக. கூரையைப் பின்பக்கமாகச் சரித்து, நெற்றியிலிருந்து டிக்கி முனை வரை ஒரே ஓட்டமாக்க. உடனே பின் கண்ணாடி தகராறு செய்யும். கடினப்படுத்திய கண்ணாடியை வெட்டப் போனால் நொறுங்கிவிடும், அதனால் அதைச் சட்டத்தோடு முன்பக்கம் படுக்கவைக்க வேண்டும். படுக்கவைத்தால் அதைச் சுற்றியுள்ள தகடு முழுக்கப் புதிதாக அடிக்க வேண்டும்.

ஒரு வெட்டு அடுத்த வெட்டைக் கேட்கிறது. 7 அங்குலம் என்பது இந்தப் பேரம் முடிந்த இடத்தில் கிடைத்த எண். பேரம் பேசாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டவர்களின் கார்கள்தான் அந்தத் தகர டப்பாக்கள்.

அடுத்தது நடுத்தூண். கூரை இறங்கியதும் ஜன்னல் வெறும் கீற்றாகிவிடுகிறது. கீற்றின் நடுவில் ஒரு செங்குத்துத் தூண் நின்றால் கண் அங்கேயே முட்டி நிற்கும். சாம் அதை எடுத்தே விட்டார். தூணில்லாத கூரை அப்போது புது மோகம். ப்யூக்கும் காடிலாக்கும் 1949-லேயே விற்கத் தொடங்கிவிட்டார்கள், மெர்க்குரி கம்பெனி 1952-ல்தான் கொண்டுவந்தது. 51 மாடல் வாங்கியவருக்குத் தொழிற்சாலை தராததைப் பட்டறை தந்தது.

பெயர் தம்பிக்குப் போனது. ஜார்ஜுக்கு விளம்பரம் தெரியும், படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பத் தெரியும். டாம் உல்ஃப் 1963-ல் எஸ்கொயர் பத்திரிகையில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அவரைச் சிற்பி அளவுக்கு உயர்த்தினார். அந்தக் கட்டுரையை நான் ரசித்தவன்தான். ஆனாலும் தகட்டை வெட்டி, பற்றவைத்து, இணைப்பில் உருக்கிய ஈயம் பூசி ராவி வழவழப்பாக்கிய கை பெரும்பாலும் சாமுடையது. (நம்ம ஊர் டிங்கரிங் பட்டறையில் இன்று பட்டி போடுகிற இடத்தில் அன்று ஈயம். இந்த வகைக் கார்களுக்கு ‘லெட் ஸ்லெட்’, ஈயச் சறுக்குவண்டி, என்ற பட்டப்பெயரே அதனால் வந்தது.) சாம் 1967-லேயே இறந்துவிட்டார். தம்பியின் பெயரைச் சொல்லும் 1966-ன் பேட்மொபைலை இதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லிங்கன் ஃப்யூச்சுரா என்ற கண்காட்சிக் காரின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனது அது. வேடிக்கையான வண்டி, இல்லேன்னு சொல்லலை. ஆனால் அதில் எதை எடுத்தாலும் மிச்சம் அப்படியே நிற்கும். மெர்க்குரியில் ஒன்றை மாற்றினால் எல்லாம் கெடும்.

ஒரு எதிர்வாதத்தை மதிக்கிறேன்: அசலைக் கெடுப்பது அழகுபடுத்துவதா? 1952-ல் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஒரு வருடம் ஓடிய கார், ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் செய்து தள்ளிய மாடல். இன்று எழுபது வருடம் தப்பிப் பிழைத்த ஒன்றை எடுத்து ரம்பம் வைக்கிறவர் வேறொரு காரியம் செய்கிறார். வெட்டிய கூரை திரும்ப வளராது. சாமின் கண் தனக்கு இருக்கிறதா என்று அவர் முதலில் அட்டையில் வெட்டிப் பார்க்கலாம், அட்டை மலிவு.

இந்தக் காரில் எல்லாம் சரின்னும் சொல்ல மாட்டேன். பக்கவாட்டில் ஓடும் பட்டை ப்யூக்கிலிருந்து எடுத்தது. கதவில் சரிந்து, பின்சக்கரத்தின் அருகே தாழ்ந்து, மறுபடி எழும்புகிறது. அதன் மேலே வெளிர்பச்சை, கீழே கரும்பச்சை. பட்டை ப்யூக்கைவிட இங்கேதான் பொருத்தம், கூரையின் சரிவுக்குப் பதில் சொல்கிறது. ஆனால் பின் மட்கார்டில் ஒரு காற்று வாயைத் திறந்து, அதில் செவ்ரலே கிரில்லின் பற்களை நட்டு வைத்திருக்கிறார்கள். எஞ்சின் இருப்பதோ முன்னால். அவ்வளவு நேரம் எதுவும் தடுக்காமல் ஓடிவந்த கோடு அங்கே பல்லைக் காட்டுகிறது. போட்டோவில் அந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள், கார் இன்னும் ஒரு அடி நீளமாகத் தெரியும்.