பள்ளிக்கூடமும் கைத்தொலைபேசியும்

மாணவர் பள்ளிக்கூடத்திற்குக் கைத்தொலைபேசி கொண்டுசெல்லலாமா, கூடாதா என்னும் வாதம் நம் நாட்டில் ஓய்ந்தபாடில்லை. கூடாதென்பதே கல்வி அமைச்சின் 2009-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. ஆயினும் அவ்வப்போது எவரேனும் ஒருவர் இத்தடையைத் தளர்த்தவேண்டுமென்று எழுந்து பேசுவதும், பிள்ளைகள் கெட்டுவிடுவார்களென்று மற்றொருவர் மறுத்துரைப்பதும் வழக்கமாகிவிட்டன. இரு தரப்பாரும் பட்டணத்துப் பிள்ளையை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகின்றனர். தாசேக் கெலுகோர் போன்ற ஊர்களில், பால்மரத்தையும் செம்பனையையும் பிறைத் தொழிற்சாலைகளையும் நம்பிப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதனால் விளைவது நன்மையா, தீமையா என்று கேட்பார் அரியர்.

தளர்த்தக் கோருவோர் கூறும் முதல் நியாயம், காலத்தோடு ஒட்டி நடக்கவேண்டுமென்பது. உலகத்து அறிவெல்லாம் உள்ளங்கையில் வந்து நிற்க, அதை வாயிலிலேயே பறித்துவைப்பது மூடத்தனமன்றோ என்கின்றனர். கேட்பதற்குச் சீர்திருத்தம் போலவே இருக்கிறது. ஆனால் புதியதெல்லாம் சீர்திருத்தமாகிவிடாது. ஒரு மாற்றத்தினால் கீழே கிடப்பவன் ஓர் அங்குலமேனும் உயர்ந்தானா என்பதே நாம் உரைத்துப் பார்க்கவேண்டிய கல். இங்கிலாந்தில் கைத்தொலைபேசியைத் தடுத்த பள்ளிகளின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்து லண்டன் பொருளியல் பள்ளியார் 2015-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். தடையினால் முன்னேறியவர்கள் பின்தங்கிய மாணவர்களே. முதல் வரிசைப் பிள்ளைகளுக்கு அது இருந்தாலும் ஒன்றே, இல்லாவிட்டாலும் ஒன்றே. பின்னர் சுவீடனில் இதே முறையில் ஆராய்ந்தவர்கள் அத்தகைய பலனைக் காணவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. ஆகவே தடையைச் சர்வரோக நிவாரணி என்று கொட்டி முழக்க வேண்டா. ஆயினும், பலன் உண்டாகுமிடத்தில் அது யாரைச் சேருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். வீட்டில் தனியாசிரியர் வைத்துக்கொள்ள வகையற்ற பிள்ளைக்கு வகுப்பறை நேரம் ஒன்றே மூலதனம்.

நம்மவரிலேயே சிலர், ஏழைக்கு மேலிருப்போர் விதித்த பழைய தடைகளோடு இதனையும் சேர்த்துவிடுகின்றனர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, துரைமார் எதிரே சைக்கிளைவிட்டு இறங்காமற் செல்லும் உரிமையும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்றாயிருந்தது. அன்று சைக்கிள், இன்று கைத்தொலைபேசி என்பது இவர்கள் வாதம். இவ்வொப்புமை நிற்காது. அன்றைய கட்டுப்பாடு தொழிலாளியைத் தாழ்த்துவதற்கென்றே அவன்மீது மட்டும் சுமத்தப்பட்டது. பள்ளித் தடையோ மருத்துவர் மகனுக்கும் மரம் வெட்டுபவர் மகளுக்கும் ஒன்றே. 2025-இல் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது; அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள கைத்தொலைபேசிகள் கடைகளில் தொங்குகின்றன. அவை வகுப்பறைக்குள் நுழையுமானால், சீருடை ஒருவாறு மூடிவைத்த ஏற்றத்தாழ்வு மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எவன் கையில் எந்த மாதிரி என்று பார்த்துத் தோழமை கொள்ளும் வயதல்லவா அது! பெற்றோர் கடன்பட்டாவது வாங்கித் தருவர். கலியாணக் கடனே தீராத நம் குடும்பங்களுக்கு இன்னொரு கடன் வேண்டியதில்லை.

ஆதலால் தடை இருக்கட்டும். நான் குறை காண்பது தடையிலன்று. தடை விதித்தவர்களின் மாலை நேர நடத்தையில்.

காலையில் வாயிலில் கைத்தொலைபேசியைக் குற்றப்பொருளாகக் கருதும் அதே பள்ளிக்கூடம், மாலையில் வீட்டுப்பாடத்தைப் புலனத்தில் அனுப்புகிறது; விடையைப் படம் பிடித்து இரவுக்குள் அனுப்பவும் சொல்கிறது. வீட்டில் இருப்பது ஒரே கைத்தொலைபேசி. அதுவோ தகப்பனாரோடு இரவு வேலைக்குப் போய்விட்டது. பிள்ளை என் செய்யும்? தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருப்பதால் இது எனக்குக் கேள்விச் செய்தியன்று. உடைந்த திரையுள்ள கைத்தொலைபேசியை நீட்டி, "ஐயா, இந்தப் பாடத்தை அச்சடிச்சுக் கொடுங்க" என்று தயங்கி நிற்கும் தாய்மார் பலர். அலுவலகம் பூட்டியபின் வருபவர் வெறுங்கையோடு திரும்பவேண்டியதே. மறுநாள் அப்பிள்ளை சோம்பேறி என்று பெயர் வாங்குகிறது.

இது தெரியாமல் நடந்ததென்று சொல்ல இடமில்லை. 2020 மார்ச்சில் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்ட பின்னர் அமைச்சு எடுத்த கணக்கிலேயே, 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தவொரு மின்கருவியும் இல்லையென்று தெரியவந்தது. அதன்பின் 500 பள்ளிகளில் 150,000 மாணவர்க்குக் கருவிகள் வழங்கும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம், ஆனால் நாடு முழுவதும் 10,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் உள்ளன என்பதையும் உடன்வைத்து எண்ணவேண்டும். தொற்று நீங்கிற்று, பள்ளிகள் திறந்தன, புலனத்து வீட்டுப்பாடம் மாத்திரம் நீங்கவில்லை.

கிள்ளான் தொழிலாளர் கள்ளுக்கடையை மூடச் சொன்னதோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வியையும் அதே பட்டியலில் கேட்டார்கள். நாமும் அவ்வாறே கேட்கவேண்டும். கைத்தொலைபேசியைத் தடுக்கும் பள்ளி வீட்டுப்பாடத்தைத் தாளில் தரட்டும். இணையத்தில் தேடவேண்டிய பாடமாயின், பள்ளிக்குச் சொந்தமான கணினியில், ஆசிரியர் கண்பார்வையில் தேடட்டும். அவசரமாக வீட்டாரை அழைக்க அலுவலகத் தொலைபேசி போதும். (பிள்ளையைத் திட்டிக்கொண்டே சோற்றுத் தட்டின் பக்கத்தில் தம் கைத்தொலைபேசியைச் சாய்த்துவைத்துப் படம் பார்க்கும் தகப்பன்மாரைப்பற்றித் தனியே எழுதவேண்டும்.)

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் விளையாட்டுப் போட்டிக்கும் விருந்துக்கும் நெடுநேரம் செலவாகிறது. அடுத்த கூட்டத்தில் எவரேனும் ஒருவர் எழுந்து இதைக் கேட்கட்டும்: பள்ளி விட்டபின் கணினி அறையின் சாவி யாரிடம் இருக்கிறது?