கண்ணாடியில் ஒரு கரும்புள்ளி

வானியல் என்றால் எல்லோரும் தொலைநோக்கியைத்தான் கொண்டாடுகிறார்கள். என் ஓட்டு புகைப்படக் கண்ணாடித் தகட்டுக்கு. ஒரு பக்கம் வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூச்சு, அவ்வளவுதான். நம் கண் அந்தந்தக் கணத்து ஒளியோடு நின்றுவிடும். தகடோ மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். கழுவி எடுத்தால் வானம் வெளுத்து, விண்மீன்கள் கறுத்துக் கிடக்கும்.

ஹார்வர்டில் இந்தத் தகடுகளைப் பார்த்துப் பார்த்தே ஹென்ரியட்டா லெவிட், ஒளி கூடிக் குறையும் செபீட் விண்மீன் எவ்வளவு மெதுவாகத் துடிக்கிறதோ அவ்வளவு பிரகாசமானது என்று 1912-இல் காட்டினார். தொலைவை அளக்க அதுவே கோலானது. அதன் பெரிய பலனைப் பார்க்க அவர் இல்லை; 1921-இல் இறந்துவிட்டார்.

1923 அக்டோபரில் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளைப் படமெடுத்தார். அந்தத் தகட்டில் நோவா, அதாவது திடீரென ஒளிர்ந்து மங்கும் விண்மீன், என்று குறித்திருந்த ஒரு புள்ளியைப் பிறகு அடித்துவிட்டு, மாறும் விண்மீன் என்று எழுதி ஆச்சரியக்குறியும் போட்டார். அந்தக் குறி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆய்வுக் கட்டுரையில் அதற்கு இடம் கிடைத்திருக்காது. புள்ளி ஒரு செபீட். அதை வைத்துத் தொலைவைக் கணக்குப் போட்டால் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. இன்றைய கணக்கு 25 லட்சம். ஆனாலும் ஆண்ட்ரோமெடா பால்வீதிக்கு வெளியே இருப்பதைக் காட்டவும், பால்வீதிதான் பிரபஞ்சம் என்று வாதிட்ட ஹார்லோ ஷாப்லியின் கட்சி தோற்கவும் அந்தக் குறைந்த எண்ணே போதுமாயிருந்தது.