மினி-இசட்: சாண் நீளக் காரில் அசல் ஸ்டீயரிங்

கடையில் கிடைக்கும் கையடக்க ரிமோட் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரும்புவதில் இரண்டே நிலைதான் தெரியும். பட்டனை அழுத்தினால் முன்சக்கரம் முழுசாக இடப்பக்கம் திரும்பும், அல்லது முழுசாக வலப்பக்கம். 2001 வாக்கில் ஜப்பானில் ஓகோவென்று விற்ற டோமியின் பிட் சார்-ஜி கூட அப்படித்தான். அதன் முன்சக்கரத்தைத் திருப்புவது ஒரு சின்னக் காந்தச் சுருள். குட்டிக்குட்டியாக அழகான சாதனம், ரிமோட்டிலிருந்தே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வளைவை அளந்து எடுக்கும் சுகம் அதில் கிடைக்காது.

அந்தச் சுகத்துக்காகத்தான் கியோஷோவின் மினி-இசட்டைத் தேடிப் போக வேண்டும். 1999-இல் வந்த வரிசை இது. நான் ஓட்டியது எம்.ஆர்-03 சேஸிஸ், பின்சக்கர இழுவை. அசல் காரில் 28-இல் ஒரு பங்கு அளவு. ஒரு சாண் நீளம் வராது. பேட்டரி போட்டபின்னும் 200 கிராமைத் தாண்டாது. ரிமோட்டில் உள்ள சக்கரத்தை மயிரிழை திருப்பினால் காரும் மயிரிழைதான் விலகுகிறது. ஆக்சிலரேட்டர் விசையும் அப்படியே: கால்வாசி அழுத்தினால் கால்வாசி வேகம். முன்சக்கரம் இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று உள்ளே இருக்கும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பதால் ஸ்டீயரிங்குக்கு வருகிற நுணுக்கம் இது. என்னைக் கேட்டால் குட்டிக் கார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெட்டியில் போட்டிருக்கும் வேகக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் வேகம் இங்கே சீக்கிரமே அளவுக்கு மீறிப் போய்விடும். நொடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர், சைக்கிள் வேகம். 28 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அது மணிக்கு 500 கிலோமீட்டர். கண் பார்த்துக் கை அசைவதற்குக் கால் நொடி ஆகும்; அதற்குள் கார் ஒரு மீட்டருக்கு மேல் போயிருக்கும். வீட்டு ஹாலில் ஒரு மீட்டர் என்பது சோபா காலுக்கும் சுவருக்கும் உள்ள தூரம். இன்னொரு சங்கதியும் உண்டு. காரைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. அதனால் இந்த அளவில் கார் சாய்வதும் கவிழ்வதும் சறுக்குவதும் அசல் காரைவிட ஐந்து மடங்கு சீக்கிரம் நடந்து முடிந்துவிடுகின்றன. பின்பக்கம் விலகத் தொடங்கியதைப் பார்த்து எதிர்ப்பக்கம் திருப்பலாம் என்று காத்திருந்தால் அதற்குள் கார் நம்மைப் பார்த்துத் திரும்பி நிற்கும். வளைவுக்கு முன்பே விசையைத் தளர்த்தி, உள்ளே நுழைந்தபின் மெல்ல அழுத்துகிறவர்தான் இதில் வேகமாகப் போகிறார்.

தரை விஷயத்தில் இந்தக் கார் மிகவும் கண்டிப்பானது. டைல்ஸ் இடுக்கில் 2 மில்லிமீட்டர் பள்ளம் நமக்குக் கண்ணிலேயே படாது. 28-ஆல் பெருக்கினால் இரண்டு அங்குலத்துக்கு மேலான பள்ளம். பளபளப்பான விட்ரிஃபைட் டைல்ஸில் மெல்லிய தூசி படிந்திருந்தால் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்தபின் ஓட்டினால் அதே கார், அதே டயர், கோடு போட்டதுபோல் வளைகிறது. குழந்தைகளுக்கு விரிக்கும், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஃபோம் பாய் இன்னும் மேல். மினி-இசட் பந்தயத் தடங்களே பெரும்பாலும் அந்த வகை ஃபோம் பலகைகளால் ஆனவைதான். பந்தயக்காரர்கள் ஓட்டத்துக்கு முன் டயரை ஒட்டும் டேப்பின் மீது உருட்டித் தூசியை எடுப்பார்கள். வீட்டிலும் அது நன்றாகவே பலன் தருகிறது. அப்படியே முன் அச்சையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தலைமுடி சுற்றியிருந்தால் சிமிட்டாவால் உருவி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கார் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

மேல்கூட்டைக் கழற்றிப் பார்த்தால் இவ்வளவு நிதானம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். நான்கு ட்ரிபிள்-ஏ பேட்டரிகள், பக்கத்துக்கு இரண்டாக, தரையை ஒட்டிப் படுத்திருக்கின்றன. காரின் எடையில் கால்வாசிக்கு மேல் அவைதான்; அவ்வளவு எடையும் கீழே கிடப்பதால் சட்டென்று கவிழ்வதில்லை. முன்னால் பேனா ஸ்பிரிங்கைவிடச் சின்ன ஸ்பிரிங்குகளோடு டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். பின்னால் மோட்டார் தனிக் கூட்டில் இருக்கிறது. அதையும் சேஸிஸையும் இணைக்கும் மெல்லிய தகடு முறுக்கிக்கொடுத்துச் சஸ்பென்ஷன் வேலை செய்கிறது. இந்தத் தகட்டைக் கொஞ்சம் விறைப்பானதாக மாற்றினாலே வளைவில் கார் நடந்துகொள்ளும் விதம் மாறிவிடும். மோட்டார் பின் அச்சுக்கு முன்னாலா பின்னாலா என்பதையும் கூட்டின் வகை தீர்மானிக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மோட்டார் முன்னால் உள்ள, சக்கர இடைவெளி நீண்ட வகையைத்தான் சொல்வேன். 98 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள பந்தயக் கார் உருவங்கள் சாதுவாக ஓடும். போர்ஷே 911 போன்ற குட்டை உருவங்களுக்குக் கை பழக வேண்டும்.

பேட்டரியில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதா அல்கலைன் நான்கும் சேர்ந்து 6 வோல்ட் காட்டும்; ஆனால் ஓட ஓடத் தளர்ந்துகொண்டே போகும். சார்ஜ் ஏற்றும் நிக்கல் பேட்டரி 4.8 வோல்ட்தான், இருந்தாலும் கடைசிவரை ஒரே சீராகத் தரும். கை பழகுவதற்கு அந்தச் சீர்தான் முக்கியம். முன்பு 27 மெகாஹெர்ட்ஸ் காலத்தில், நண்பர்கள் சேர்ந்து ஓட்ட வேண்டுமென்றால் ஆளுக்கொரு கிரிஸ்டல் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்தபின் அந்தத் தொல்லை போயிற்று.

விலை நம் ரூபாயில் ஐந்து இலக்கம் ஆகும். ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு வாங்கித் தருகிற பொருள் இது இல்லை. பத்து வயதுக்கு மேல், உட்கார்ந்து கழற்றி மாட்டுகிற ஆசையுள்ள பிள்ளைக்குத் தாராளமாக வாங்கலாம். ஸ்டீயரிங் திரும்பும் அளவை ரிமோட்டில் குறைத்து வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். அவ்வளவு செலவு வேண்டாம், மேசை மேலேயே ஓட்டினால் போதும் என்பவர்களுக்கு 76-இல் ஒரு பங்கு அளவிலும் அளந்து திரும்பும் ஸ்டீயரிங்கோடு கார்கள் வந்துவிட்டன. மினி-இசட்டே வாங்குவதானால் கூடவே ஒரு செட் பால் பேரிங்கும் மிருதுவான பின்டயர் ஒரு ஜோடியும் சேர்த்து வாங்குங்கள். வேகமான மோட்டாருக்கு இப்போது அவசரமில்லை.